தாய்க்கோழியின் எச்சம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் செம்பனைத் தோட்டம் தொடங்குகிறது. வேலிக்கு இப்பால், கால்வாய்க்கும் வாழைக் கன்றுகளுக்கும் இடையில், என் கோழிக்கூடு நிற்கிறது. தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, பிள்ளைகளின் சத்தம் போய் இப்போது கம்பத்துக் கோழிகளின், அதாவது நாட்டுக் கோழிகளின், சத்தம் வாய்த்திருக்கிறது. அடைக்கோழியின் மனம்போல நான் காத்திருப்பதைப் பார்த்து அலுத்துப்போன என் மகன், கடந்த ஆண்டு ஈப்போவிலிருந்து 180 வெள்ளிக்கு ஒரு குஞ்சு பொரிப்பானை இணையத்தில் வாங்கி அனுப்பினான். அதில் 40 முட்டைகளை வைத்தேன். அதே நாளில், அதே கோழிகள் இட்ட முட்டைகளில் 12ஐ எடுத்து, மாமரத்தடிக் கூடையில் அடையிருந்த ஒரு கறுப்புப் பேட்டின் கீழும் வைத்தேன். சோதனை செய்து பார்க்கும் எண்ணமெல்லாம் அப்போது எனக்கு இல்லை. பொரிப்பானில் இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

இருபத்தோராம் நாள் இரண்டு இடத்திலும் குஞ்சுகள் வந்தன. பொரிப்பானில் 31, பேட்டிடம் 11. பொரிப்பான் குஞ்சுகளை நான் வளர்த்த விதத்தைச் சொன்னால் எந்தச் சுகாதார அதிகாரியும் என்னைப் பாராட்டுவார். பெட்டியைக் குளோராக்ஸ் என்ற கிருமிநாசினி கலந்த நீரில் கழுவி வெயிலில் காயவைத்தேன். கொதித்து ஆறிய தண்ணீர், தினமும் மாற்றிய நாளிதழ் விரிப்பு, தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. பெரிய கோழிகளின் அழுக்கு எதுவும் அண்டக்கூடாது என்று அந்தப் பெட்டியைச் சமையலறைக்குப் பின்னாலுள்ள அறையில் பூட்டியே வைத்தேன். கறுப்புப் பேட்டின் குஞ்சுகளோ பிறந்த மறுநாளே தாயின் பின்னால் ஓடி, அது கிளறிய இடத்தில், அதன் எச்சம் விழுந்த அதே மண்ணில் கொத்தித் தின்றுகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் பெட்டிக்குள் இரண்டு குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பல்பின் அடியில் ஒண்டி நின்றன. பின்பக்கத்தில் வெள்ளையாகக் கழிந்து, அது காய்ந்து அப்பியிருந்தது. பத்தாம் நாளுக்குள் 31இல் 17 செத்துவிட்டன. வெளியே திரிந்தவற்றில் குறைந்தது ஒன்றே ஒன்று, அதையும் காகம் தூக்கிப்போனது. தீனிக் கடைக்காரர் என்னிடம் எதையும் கேட்காமலேயே ஒரு மஞ்சள் தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, தண்ணீரில் கலக்கச் சொன்னார். அது என்ன மருந்து என்று அவருக்கும் தெரியவில்லை, பொட்டலத்திலும் எழுதியிருக்கவில்லை. மனம் கேளாமல், செத்த இரண்டு குஞ்சுகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கால்நடை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். சில நாள் கழித்து வந்த பதில் சால்மோனெல்லா. அந்தக் கிருமி எங்கள் முற்றத்திலேயே இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் என் செருப்பும் கையும் இரண்டு இடத்துக்கும்தான் போய் வந்தன. அப்படியானால் அழுக்கில் புரண்ட குஞ்சுகள் தப்பி, துடைத்து வைத்த பெட்டிக்குள் இருந்தவை செத்தது எப்படி? இந்தக் கேள்வி என்னைப் பல வாரங்கள் படிக்க வைத்தது. படித்ததை எழுதி வைக்கிறேன்.

இதே கேள்வியை என்னைவிட முறையாகக் கேட்டவர்கள் பின்லாந்துக்காரர்கள். 1971இல் அந்நாட்டின் இறைச்சிக் கோழிப் பண்ணைகளில், தீனி வழியாகச் சால்மோனெல்லா இன்ஃபாண்டிஸ் என்னும் வகை பரவியது. எஸ்கோ நூர்மி என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றிய மரித்தா ரந்தாலாவும் குஞ்சுகள் ஏன் இவ்வளவு எளிதில் பலியாகின்றன என்று யோசித்து, குற்றத்தைக் கிருமியின் மேல் மட்டும் போடாமல் நவீனப் பொரிப்பகத்தின் மேலும் போட்டார்கள். தாயே இல்லாத, கழுவித் துடைத்த இடத்தில் பிறக்கும் குஞ்சின் குடல் வெறுமையாக இருக்கிறது, அங்கே முதலில் நுழைவது எதுவோ அதுவே குடியேறிவிடுகிறது என்பது அவர்களுடைய ஊகம். நோயற்ற வளர்ந்த சேவல்களின் இரைப்பையிலும் குடலிலும் இருந்ததை எடுத்துக் கரைத்து, பொரித்து ஓரிரு நாளான குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு சால்மோனெல்லாவையும் கொடுத்துப் பார்த்தார்கள். கரைசல் பெற்ற குஞ்சுகளில் பெரும்பாலானவற்றில் கிருமியால் காலூன்ற முடியவில்லை. 1973இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பின், கோழி வளர்ப்புத் துறையில் இதற்கு நூர்மி கருத்து என்றே பெயர் நிலைத்துவிட்டது.

குஞ்சு எவ்வளவு பலவீனமானது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. மில்னர், ஷாஃபர் என்ற இருவர் 1952இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறந்த முதல் நாளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சால்மோனெல்லாக்களே ஒரு குஞ்சைத் தொற்றப் போதுமானவை. வயது ஏற ஏற, அதே தொற்றை உண்டாக்க மேலும் மேலும் பெரிய எண்ணிக்கை தேவைப்படுகிறது. சில நாட்களுக்குள் குஞ்சுக்கு என்ன கிடைத்துவிடுகிறது என்று பார்த்தால், அதன் சொந்த எதிர்ப்புச் சக்தி அதற்குள் முழுதாக முதிர்ந்துவிடுவதில்லை. குடலில் ஒரு குடியிருப்பு உருவாகத் தொடங்கிவிடுகிறது.

கோழி அறுத்துச் சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு இரண்டு பைகள் ஒருபக்கம் மூடிக் கிடக்கும். குருட்டுக்குடல் என்று சொல்லப்படும் அவற்றில்தான் கோழியின் நுண்ணுயிர்கள் மிகுதியாக வாழ்கின்றன. வளர்ந்த கோழியில் அங்கிருக்கும் ஒரு கிராம் பொருளில் ஏறத்தாழ 10,000 கோடி இருக்கும். கோழி இடும் எச்சங்களுக்கு நடுவே அவ்வப்போது பழுப்பாக, பசைபோல, மூக்கைப் பிடிக்க வைக்கும் ஒன்று விழுமே, அது அந்தப் பைகளிலிருந்து வருவது. நோய் என்று பயந்து அதைப் பார்த்துப் பல முறை நான் மருந்து தேடியிருக்கிறேன். அது நல்ல குடலுக்கு அடையாளம் என்பதை அறிய எனக்கு அறுபது வயது ஆயிற்று.

சால்மோனெல்லாவுக்கும் பிடித்த இடம் அந்தக் குருட்டுக்குடலே. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை எதிர்கொள்வது ஒரு வழியில் மட்டும் அன்று. குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளத் தோதான இடங்களை அவை முன்பே பிடித்துவைத்திருக்கின்றன. கிடைக்கும் சத்துகளைத் தாமே தின்று தீர்க்கின்றன. சில வகைகள் பிற பாக்டீரியாக்களைக் கொல்லும் புரதங்களையும் சுரக்கின்றன. இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது அமிலக் கணக்கு. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள், குஞ்சால் செரிக்க முடியாத நார்ப்பொருளைப் புளிக்க வைத்து அசிட்டிக், புரொப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. குடல் சற்றுப் புளிப்பாக இருக்கும்போது இந்த அமிலங்களில் ஒரு பகுதி மின்னேற்றம் பெறாமல் இருந்து, சால்மோனெல்லாவின் சுவரைக் கடந்து உள்ளே நுழைந்து, அங்கே பிரிந்து அதன் உட்புறத்தையே புளிக்கச் செய்துவிடுகிறது. அந்தச் சுமையை வெளியேற்றுவதிலேயே கிருமியின் சக்தி செலவாகிறது. பிறந்த சில நாட்களில் குஞ்சின் குருட்டுக்குடலில் இந்த அமிலங்கள் மிகக் குறைவு. ஏனென்றால் தாயில்லாத குஞ்சிடம் முதலில் வந்து சேர்பவை எங்கும் கிடைக்கும், காற்றிலும் வாழக்கூடிய வகைகள். காற்றைத் தாங்காத வகைகள் தாமாக வந்து நிலைபெற வாரங்கள் ஆகின்றன. அந்த வாரங்களில்தான் என் 17 குஞ்சுகள் போயின.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, கன்று வைப்பதோடு தோட்ட நிர்வாகம் ஓய்ந்துவிடாது. வரிசைகளுக்கு இடையே புவேரேரியா, கலோபோகோனியம் போன்ற கொடிப்பயிர்களையும் விதைக்கும். அந்தக் கொடி மண்ணுக்குத் தழைச்சத்து தருவது ஒருபுறமிருக்க, தரையை முந்திக்கொண்டு மூடிவிடுவதால் லாலாங் புல்லுக்கு இடமும் வெளிச்சமும் கிடைக்காமல் போகிறது. மூடாமல் விட்ட வெற்றுத் தரையில் லாலாங் ஒருமுறை வேர்க்கிழங்கு பாய்ச்சிவிட்டால், அதைப் பெயர்த்தெடுக்க மருந்தடிக்கும் ஆட்கள் படும் பாட்டை என் அப்பா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வெள்ளைத் துணியால் துடைத்து வைத்த குஞ்சுப் பெட்டி, கொடி விதைக்காத மறுநடவுக் காடாக இருந்திருக்கிறது.

என் அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. லயத்து வீட்டில் இருந்த காலத்தில், விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போவதற்கு முன்பே கோழிகளைத் திறந்துவிட்டுச் செல்வார். டவுனில் சீனர் கடையில் வாங்கிவரும் தாயில்லாக் குஞ்சுகளை விடும் கூடையில், அடைக்கோழி படுத்திருந்த இடத்து வைக்கோலும் மண்ணுமாக ஒரு கை அள்ளிப் போடுவார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏன் என்று இப்போது கேட்டதற்கு, “பேட்டோட வாசம் ஒட்டினாத்தான்மா அது குஞ்ச கொத்தாது” என்றார். அந்தக் காரணம் சரியா என்று எனக்குத் தெரியாது. கோழி தன் குஞ்சை அடையாளம் காண்பது பெரும்பாலும் கண்ணாலும் காதாலும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு கை மண்ணோடு வேறு என்னவெல்லாம் கூடைக்குள் போயிற்று என்பதை எண்ணிப் பார்க்கிறேன். பறவை இடும் கழிவுக்கும், ஒருவர் தமக்குப் பின் விட்டுச் செல்வதற்கும் தமிழில் எச்சம் என்ற ஒரே சொல் இருப்பது இந்த இடத்தில் எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை, தமிழாசிரியை என்பதால் அப்படித் தோன்றலாம்.

தாயோடு எவ்வளவு நேரம் இருந்தால் போதும் என்ற கேள்விக்குச் செக் நாட்டு ஆய்வாளர்கள் 2019இல் ஒரு விடை வெளியிட்டார்கள். புதிதாகப் பொரித்த குஞ்சுகளை வளர்ந்த கோழியோடு 24 மணி நேரம் விட்டாலே, அதன் குருட்டுக்குடலில் உள்ள காற்றில்லா வாழ்வினர் பலர் குஞ்சுக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள் என்று கண்டார்கள். ஒரு நாள்! அந்த ஒரு நாளை என் பெட்டிக் குஞ்சுகளுக்கு நான் பூட்டுப் போட்டுத் தடுத்திருந்தேன்.

லட்சக்கணக்கில் பொரிக்கும் பண்ணைகள் ஒவ்வொரு குஞ்சுக்கும் தாய் தேட முடியாது. பின்லாந்தில் 1987 முதல் புரோயிலாக்ட் என்ற பெயரில், நோயற்ற கோழியின் குடலிலிருந்து வளர்த்தெடுத்த கலவை விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் வேளாண் துறை ஆய்வாளர்கள் உருவாக்கிய, 29 வகை பாக்டீரியாக்கள் அடங்கிய பிரியெம்ப்ட் என்ற கலவைக்கு 1998இல் அனுமதி கிடைத்தது. பொரிப்பகத்திலேயே அதைக் குஞ்சுகளின் மேல் பனிபோலத் தெளித்துவிடுவார்கள். நனைந்த இறகைக் கோதும்போது குஞ்சு அதைத் தானே விழுங்கிவிடும். தாய் செய்யும் வேலையைத் தெளிப்பான் செய்கிறது.

அண்டை வீட்டு மலாய் மக்சிக், சின்னப் பாட்டிலில் வரும் புளித்த பால் பானத்தைத் தன் குஞ்சுகளின் தண்ணீரில் கலக்கிறார். நம்மவர்கள் மோர் ஊற்றுகிறார்கள். இதில் அடியோடு பொருளில்லை என்று நான் சொல்ல மாட்டேன். செர்டாங்கிலுள்ள நம் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில், கோழியின் குடலிலிருந்தே பிரித்தெடுத்த 12 லாக்டோபாசில்லஸ் வகைகளை இறைச்சிக் கோழிகளுக்குத் தீனியில் கொடுத்து, வளர்ச்சி கூடியதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கோழியின் குடலிலிருந்து எடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பாலைத் தயிராக்கும் பாக்டீரியா கோழியின் குடலுக்கு வழிப்போக்கர். கொடுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். மேலும் சால்மோனெல்லாவைத் தடுப்பதில், ஒரே வகையைத் தனியாகக் கொடுப்பதைவிட வளர்ந்த கோழியின் முழுக் கலவை நெடுந்தூரம் முன்னால் நிற்கிறது என்பதே நூர்மிக்குப் பின் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது.

அந்த மஞ்சள் தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஆன்டிபயாட்டிக்காகவும் இருந்திருக்கலாம். நோய்க்கிருமிக்கென்று கொடுக்கும் ஆன்டிபயாட்டிக், நல்ல குடியிருப்பாளர் யார், திருடன் யார் என்று பார்ப்பதில்லை. குடல் காலியாகிறது, காலியான இடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமி முதலில் எழுகிறது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கூடப் பல நாடுகளில் கோழித் தீனியில் கலந்துவந்தார்கள். அதற்கு அடங்காமல் இருக்கும் ஆற்றலை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் எம்சிஆர்-1 என்ற மரபணு சீனாவில் கண்டறியப்பட்டதாக 2015இல் செய்தி வெளியானது. மலேசியா 2019 தொடக்கத்தில் கால்நடைத் தீனியில் கொலிஸ்டினைத் தடை செய்தது. பெயரில்லாப் பொட்டலங்களை நம் ஊர்க் கடைகளில் இன்னும் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம், நானும் வாங்கினேன்.

இவ்வளவும் படித்த உற்சாகத்தில், பெரிய கோழியின் எச்சத்தை அள்ளிக் கரைத்து எல்லாக் குஞ்சுக்கும் ஊட்டிவிடலாம் என்று யாரும் புறப்பட வேண்டாம். எச்சத்தோடு நோயும் வரும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா பாக்டீரியா வகையே அல்ல, அது வேறு இன ஒட்டுண்ணி; அதன் முட்டைகள் ஈரமும் சூடும் உள்ள தரையில் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு முதிர்ந்துவிடும். நம் மழைக்கு அது சொல்லி வைத்தாற்போல் பொருந்தும். சால்மோனெல்லாவிலேயே புல்லோரம் என்றொரு வகை, 1899இல் ரெட்கர் என்பவர் கண்டறிந்தது, தாயின் முட்டைக்குள்ளேயே புகுந்து வருவதால் குஞ்சு பொரியும் முன்பே வேலையைத் தொடங்கிவிடும். அதற்குத் தாய்க்கோழிகளின் இரத்தத்தைச் சோதித்து, நோயுள்ளவற்றை ஒதுக்குவதே வழி. தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும், இங்கே மலாயில் சம்பார் என்றும் சொல்லப்படும் கொள்ளைநோயோ வைரசால் வருவது. எந்த நல்ல பாக்டீரியாவும் அதற்குக் காவல் நிற்காது, தடுப்பு மருந்துதான் வேண்டும். கம்பத்துக் கோழிகளைப் பிடித்து ஊசி போடுவது கடினம் என்பதால், வெப்பத்தைத் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கொடுக்கும் சோதனைகள் 1980களில் இந்நாட்டில்தான் நடந்தன. ‘கழிச்சல்’ என்று பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் மருந்தும் ஒன்று என்று நினைத்து மொத்தக் கூட்டையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, குஞ்சை நோய் பிடித்த பிறகு இந்த வழி உதவாது. கிருமிக்கு முன்னால் வந்துசேர்ந்தால்தான் நல்ல பாக்டீரியாவுக்கு இடம்.

ஆகவே இரண்டாம் முறை நான் செய்தது மிக எளிமையானது. கறுப்புப் பேட்டின் எச்சத்தைக் கால்நடை அலுவலகத்தில் கொடுத்துச் சோதித்து, ஒட்டுண்ணியும் சால்மோனெல்லாவும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். அது மீண்டும் அடைக்கு உட்கார்ந்த மறுநாளே பொரிப்பானிலும் முட்டை வைத்தேன். குஞ்சுகள் வந்து இறகு காய்ந்ததும், இருட்டிய பிறகு பதினைந்தை அதன் வயிற்றுக்கடியில் ஒவ்வொன்றாகச் செருகினேன். பகலில் வைத்தால் கொத்தும், இரவில் வைத்தால் விடியும்போது தன் குஞ்சென்றே எண்ணிக்கொள்ளும். மீதி பதினாலும் பெட்டியில் ஒரு நாள் இருந்தன. மறுநாள் மாலை, பேடு படுத்திருந்த உலர்ந்த மரத்தூளில் இரண்டு கை அள்ளி அந்தப் பெட்டியில் தூவினேன். விரிப்பை ஈரமாக விடவில்லை. பல்பும் கொதித்த தண்ணீரும் முன்போலவே இருந்தன; குளோராக்ஸ் கழுவல் குஞ்சு வருவதற்கு முன் ஒருமுறையோடு நின்றது. 29இல் மூன்று இறந்தன, அவற்றில் இரண்டு பெட்டியில் இருந்தவை.

இந்த எண்ணிக்கையை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை நான் அறிவேன். இரண்டு தடவைக்கும் இடையில் மழைக்காலம் மாறியது, முட்டை இட்ட கோழிகளும் ஒன்றிரண்டு மாறின. முதல் தடவை பேட்டின் குஞ்சுகளைக் காத்ததில் தாயின் உடல் சூட்டுக்கும் பங்கு இருந்திருக்கும். பேரப்பிள்ளைகள் குஞ்சைக் கையில் வைத்து முத்தமிடுவதை மட்டும் இப்போதும் நான் அனுமதிப்பதில்லை. வெளிப்பார்வைக்கு நலமாக இருக்கும் குஞ்சும் சால்மோனெல்லாவைச் சுமக்கக்கூடும், பிள்ளைகளின் குடலுக்கு அது பொல்லாதது. கூட்டிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது வீட்டில் சட்டம்.

மகன் சென்ற வாரம் வந்தபோது, பொரிப்பானில் பாதி காலியாகக் கிடப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டான். கறுப்புப் பேடு இன்னும் அடைக்கு உட்காரவில்லை என்றேன். நான்கு பொய் முட்டைகளைக் கூடையில் வைத்திருக்கிறேன். அது தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது.